வாயைத் தொடாத சோறு

பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிள் அருகே நின்றபடி தண்ணீர் குடித்தேன். பாதி உள்ளே போகவில்லை. வாயோரம் வழிந்து, கையிலிருந்த வெள்ளை பனியன் மேல் கொட்டியது. பீஸ் நனைந்துவிட்டதே என்றுதான் முதலில் பதறினேன். துடைக்க வலது கை எழவில்லை.

பக்கவாதம் என்றார்கள். ஒரு மாதத்தில் எழுந்து நடந்தேன். பேச்சு குழறலாகத் திரும்பியது. விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பை வரை செல்லும் மெல்லிய குழாய்) போட்டு, சாமளாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். விசைத்தறி ஓட்டும் என் கணவர், கஞ்சியை வடிகட்டிக் குழாயில் ஊற்றக் கற்றுக்கொண்டார்.

ஒரு மாலை, அவர் குடித்துக்கொண்டிருந்த டீயையே பார்த்தேன். "ஒரு வாய் குடுங்க" என்றேன். மறுத்தார். நான் அழுதேன். ஆறிய டீயை ஒரே ஒரு கரண்டி ஊட்டினார். எனக்கு இருமல்கூட வரவில்லை. இருவரும் சிரித்தோம். இன்னும் மூன்று கரண்டி ஊட்டினார்.

மறுநாள் காய்ச்சல். ஆஸ்பிரேஷன் நிமோனியா (விழுங்கியது மூச்சுக்குழாயில் இறங்குவதால் நுரையீரலில் வரும் தொற்று). பத்து நாள் தீவிர சிகிச்சை. "இருமல் வராததுதாங்க ஆபத்து. தொண்டைக்கு உணர்வே இல்லீங்க" என்றார் டாக்டர். தேறியதும் வயிற்றில் துளையிட்டு வேறு குழாய் பொருத்தினார்கள்.

அதன் பிறகு என் கணவர் என் கண்ணில் படாமல் சாப்பிட ஆரம்பித்தார். தறிக்கூடத்தில் நின்றபடியே விழுங்கிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார். மகள் கவிதா சாப்பாட்டைக் காலேஜ் கேண்டீனோடு முடித்துக்கொண்டாள். வீட்டில் தாளிக்கும் வாசமே இல்லை. இழவு விழுந்த வீடு போல அடுப்பு குளிர்ந்து கிடந்தது. செத்தது நான்தான், செத்த பிறகும் போகாமல், கட்டிலில் இருந்தபடி இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்.

அடுத்த பரிசோதனையில், விழுங்கும் பயிற்சி தரும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். "இவங்களுக்கு வயிறு மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சுட்டீங்களா? நீங்க சாப்பிட உக்காரும்போதே இவங்களுக்கும் ஊத்துங்க."

நிமிர்ந்து உட்காரவைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் குழாயில் தண்ணீர் விட வேண்டும். உடனே படுக்கக் கூடாது. வாயைச் சுத்தம் செய்த பிறகு, ரசத்தில் தொட்டு நன்றாகப் பிழிந்த பஞ்சை நாக்கில் ஒற்றலாம் என்றார். சோதித்துப் பார்த்து எனக்கு மட்டும் சொன்னது இது. உங்கள் வீட்டில் இதே நிலை என்றால், மருத்துவரைக் கேட்காமல் செய்துவிடாதீர்கள். ஆசைக்கு இரங்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்று மதியம் சொன்னேன். "ஏனுங்க, எம்முன்னால உக்காந்து சாப்பிடுங்க."

"முடியல சாந்தி. நாந்தான உன்னையக் கொல்லப் பாத்தேன்."

"கேட்டது நானுங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னா, நடந்தது இல்லீன்னு ஆயிருமா?"

தட்டோடு வந்து உட்கார்ந்தார். முதல் கவளத்தை மென்றுகொண்டே இருந்தார். விழுங்க முடியாமல் அழுதார். கவிதா தன் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் குழாயில் கஞ்சியை ஊற்றினாள். அதன் கதகதப்பு வயிற்றில் பரவியது. மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டு முடித்தோம்.

ஒரு வருடமாகிறது. பயிற்சியில், மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடாதபடி பொடி கலந்து கெட்டியாக்கிய தண்ணீர் இரண்டு கரண்டி இறங்குகிறது. மற்றதெல்லாம் குழாய்தான். ருசி ஓரிடத்தில், நிறைவு இன்னோரிடத்தில். கனவில் வாய் நிறையச் சாப்பிடுகிறேன். விழித்ததும் அசையாமல் கிடந்து, நெஞ்சுக்குள் கரகரப்பு கேட்கிறதா என்று கவனிக்கிறேன்.

ஒரு விழுங்கலுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இவ்வளவு நேரம் இருப்பது முன்பு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அங்கே நின்று காத்திருக்கிறேன். மூச்சு வருகிறது. பிறகுதான் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறக்கிறேன்.