ஓமானில் ஓர் ஊருணி

இந்த ஊரில் நான் தினமும் கடலைக் குடிக்கிறேன். குழாயைத் திறந்தால் வருவது உப்பெடுத்த கடல்தான். சோறு வேகிறது, ரசம் கொதிக்கிறது. வெறும் தண்ணீராக வாயில் விட்டால் மட்டும் எதையோ மறந்துபோன மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர் கல்லலில் இருக்கும் தங்கச்சியிடம் போனில் சொன்னேன். "கடலையா குடிக்கிற? அப்ப மீனை எங்குட்டுத் துப்புற?" என்றாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் இப்படித்தான்.

என் மகன் முத்து வேலை பார்க்கிற கம்பெனி, ஓமான் கடலோரப் பாலைவனத்தில் காற்றாடியும் சோலார் தகடுமாக நட்டிருக்கிறது. பகலில் மிஞ்சுகிற கரண்டைப் பெரிய பேட்டரிப் பெட்டிகளில் அடைத்து வைக்கிறார்கள். அந்தக் கரண்டால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துக் கப்பலேற்றப் போகிறார்களாம். இப்போதைக்குச் சின்னதாகக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனிக்காரர்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் பெரிதாகக் கட்டுவார்கள். முத்துவுக்கும் இங்கேயே வேலை நிலைக்கும். போடாவிட்டால் எல்லோரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கையெழுத்து விழவேண்டும் என்று அவன் கும்பிடுகிறான். நானும் கும்பிடுகிறேன், வாய் அவனுக்காக முணுமுணுக்கிறது, மனசு கல்லல் ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறது. சாமிக்கே குழப்பமாக இருக்கும். கட்டிலுக்கடியில் என் பெட்டி பாதி கட்டியபடி கிடக்கிறது. வெளியே ஓயாத காற்று. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை.

போன வாரம் ஜெர்மனிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் வீட்டு ஆட்களையும் அழைத்திருந்தார்கள். தகடு கழுவுவதற்காக, எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற அதே தண்ணீரைக் கறுப்பு விரிப்புப் போட்ட குளத்தில் தேக்கியிருந்தார்கள். படிக்கட்டுகூட இருந்தது. பார்த்ததும் கை தானாகக் கும்பிட்டது. அசல் ஊருணி! எங்கள் பக்கம் குடிக்கிற ஊருணிக்குச் செருப்போடு போகமாட்டோம். கால் நனைக்கவும் கூடாது, குடம்தான் நனையலாம். என் செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து நெட்டையான ஜெர்மனிக்காரர் ஒருவர் பூட்ஸோடு படியில் இறங்கினார்.

"ஏய்யா! குடிக்கிற தண்ணியில செருப்போடவா எறங்குறீக? கழட்டுங்க மொதல்ல!"

"ஆத்தா, சும்மா இரு. மானம் போகுது" என்று முத்து பல்லைக் கடித்தான்.

என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் பிடித்தேன். பெண் பார்க்க வந்த அன்று, புதுச் செருப்போடு ஊருணியில் முகம் கழுவ இறங்கினார். யாரென்று தெரியாமல் வைது கரையேற்றினேன். வீட்டுக்குப் போனால் அவர்தான் மாப்பிள்ளை! "இந்தப் புள்ளதான் வேணும்" என்றாராம். கடைசிவரை வாசலில் தன் காலைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்.

நெட்டையரும் என் வெறுங்காலைப் பார்த்தார். குனிந்து பூட்ஸைக் கழற்றினார். அவர் கழற்றியதும் கூட வந்தவர்களும் கழற்றினார்கள். இந்த நாட்டு வழக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொள்ள, ஜெர்மனி வழக்கம் என்று ஓமான் அதிகாரி நினைத்துக்கொண்டு அவரும் கழற்றினார். சுடுகிற மண்ணில் அத்தனை பெரிய மனிதர்களும் கோழி மாதிரி கால் மாற்றிக் கால் வைத்தார்கள்.

"ஆத்தா, இது ஒங்க ஊரு வழக்கமான்னு அவரு கேக்குறாரு."

"ஆமான்னு சொல்லு. எந்த ஊருன்னு மட்டும் சொல்லாத."

நெட்டையர் சிரித்துக்கொண்டே முத்துவின் கையைக் குலுக்கி ஏதோ சொல்லிவிட்டு வண்டியேறினார்.

"என்னடா, கையெழுத்துப் போட்டாகளா?"

"இன்னும் இல்லாத்தா. யோசிச்சுச் சொல்றாகளாம். ஆனா மறுபடி வாரேன்னு அவரே சொன்னாரு!" அவன் முகம் ஊர்த் திருவிழா மாதிரி இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கட்டிலுக்கடியில் பாதி கட்டிக் கிடக்கிற பெட்டியும் கூடவே நினைவுக்கு வந்தது.

செருப்பை மாட்டப் போனால் ஒன்றுதான் கிடந்தது. காற்று மற்றதைக் குளத்துக்குள் தள்ளியிருந்தது.

"குடிக்கிற தண்ணியில செருப்பு, ஆத்தா!" முத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

காரைக்குடியில் வாங்கிய செருப்பு. ஒன்றைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றேன். இன்னொன்று நடுக்குளத்தில், அங்குட்டும் போகாமல் இங்குட்டும் வராமல், காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது.