அவளை அழவிடவில்லை

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி வாசலைத் தாண்டினாள் அந்தத் தாய். மகள் விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. இடுக்கி மலையில், சக்குபள்ளத்தில் நான் அங்கன்வாடி டீச்சராக இருந்தபோது, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற தாய்மார் எல்லாரும் பிள்ளைகளை இப்படித்தான் விட்டுப் போவார்கள். அந்த வழக்கத்தைப் பழக்கியவளே நான்தான். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழும், ஒன்று அழுதால் பத்தும் அழும், எனக்குத் தலைவலி. அதனால் பிள்ளை விளையாட்டில் மூழ்கியதும் நான் கண்ணைக் காட்டுவேன், தாய் நழுவிவிட வேண்டும். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவள் தயங்கினாள். விடிந்ததிலிருந்து மகள் சேலை முந்தானையை விடவே இல்லையாம். "இன்னைக்கு லீவு போட்டுரட்டுமா டீச்சர்? என்னையவே தேடுது" என்றாள். ரோட்டில் தோட்டத்து ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன், போங்க என்று கண்ணைக் காட்டினேன். மழையில் வளைவு திரும்பும்போது அந்த ஜீப் கவிழ்ந்தது. மத்தியானம் செய்தி வந்தது.

அம்மா எங்கே என்று பிள்ளை கேட்டபோது, கீழே கம்பம் டவுனுக்குப் போயிருக்கு, வந்துரும் என்றேன். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அடக்கத்துக்குக்கூட அவளைக் கூட்டிப்போகவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார்கள். பாவி, நானும் தலையாட்டினேன். அப்புறம் அவள் கட்டைகளைத் தொடவில்லை. கதவையே பார்த்து உட்கார்ந்திருப்பாள். யார் எழுந்தாலும் கூடவே எழுவாள். கொஞ்ச நாளில் பேச்சும் நின்றது. மறுபடி பேச ஒன்றரை வருஷம் ஆயிற்று.

இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கவுன்சலிங் கொடுக்கிற மேடம் சொல்லி, போன வாரம் என் வீட்டைத் தேடி வந்தாள். அந்தக் காலையைப் பற்றித் தெரிய வேண்டுமாம். அம்மா கட்டியிருந்த சேலையின் நிறம்வரை கேட்டாள்; சொன்னேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நான் பாத்து அழுதிருந்தா அம்மா போயிருக்க மாட்டாங்கல்ல டீச்சர்? விளையாண்டுக்கிட்டு இருந்துட்டேன்."

இத்தனை வருஷமாக இதைச் சுமந்திருக்கிறாள். போகச் சொன்னது நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் எழுந்துபோய் டீ போட்டேன். குடித்துவிட்டு, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்றாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். படியில் நின்று இன்னொரு தரம் சொன்னாள். நான் சரி என்று சொல்கிறவரை அவள் இறங்கவே இல்லை.