நீலச் சட்டைக்கு முன்னால் கிறகோரி

குருநகரில் சூசைதாசன் அண்ணையைப்போல அடி வாங்கினவர் வேறு ஒருவரும் இல்லை. கடலுக்குப் போகாமல் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கப் போனதற்குத் தகப்பன் துடுப்பால் அடித்தார். தொண்ணூற்று மூன்றில், சொந்தமாகப் படம் எடுக்கிறேன் என்று றோஸ் அக்கா வீட்டுப் பக்கம் கமராவைத் திருப்பினார். அவளுடைய தமையன்மார் முன்பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள்.

"நல்லதடா, இனி விசில் வடிவா வரும்" என்றார் எங்களிடம்.

படத்தில் இரண்டு பொடியன்கள், காதல், சந்தோசம். பொடியன்கள் கிறகோரியும் நானும். காதலிக்கு ஆள் கிடைக்கவில்லை. றோஸ் அக்கா வீட்டுக் கொடியில் காய்ந்த நீலச் சட்டையே காதலி. கடைசிக் காட்சியில் கிறகோரி அதன் கையைப் பிடித்து அழவேண்டும். நான் அந்தக் கைக்குள் ஒரு நண்டை விட்டிருந்தேன். துள்ளி விழுந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணை செருப்பால் எனக்கு எறிந்தார். கமராவை மட்டும் நிறுத்தவில்லை.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் புதுக் கசெற் வராது. இருந்த ஒன்றில்தான் முழுப்படமும்.

மறுநாள் காலை குண்டு போடப் பொம்மர் வந்தது. கரையில் நின்ற தங்கச்சியைத் தூக்கிப் பங்கர்க் குழிக்குள் எறிந்த கிறகோரிக்குத் தான் குதிக்க நேரம் கிடைக்கவில்லை. அவனுடைய காலொன்றை வேலிக்கு அப்பாலிருந்து நான்தான் எடுத்துவந்தேன். செருப்பு கழலவில்லை. முகத்தில் ஒரு கீறலும் இல்லை.

சவப்பெட்டியடியில் கிறகோரியின் தாய் சின்னத்தங்கம், சூசைதாசன் அண்ணையின் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுக்கினார். "கனடாவிலை நிக்கிற மூத்தவன் தம்பியின்ரை முகம் பாக்கவேணும். செத்தவீட்டை வீடியோ எடு சூசை."

"வேறை கசெற் இல்லை மாமி. உதிலை எடுத்தா என்ரை படம் அழிஞ்சிடும்."

கன்னத்தில் விழுந்த அறை கோயில்வரை கேட்டிருக்கும். அண்ணை கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றினார்.

பூசை எங்கள் முதற் காட்சிகளைத் தின்றது. ஊர்வலம் நடுக்காட்சிகளைத் தின்றது. கல்லறைகள் நிறைந்த சேமக்காலையில் பொம்மர் திரும்பவும் சுற்ற, சுவாமியார் உட்பட எல்லோரும் குப்புற விழுந்தோம். அண்ணை மட்டும் நின்றார். ஒரு கண் குழியில்; மற்றது கசெற்றின் ஓட்டத்தைக் கமராவில் காட்டும் எண்ணில். நண்டுக் காட்சி தொடங்கும் எண் அவருக்கு மனப்பாடம். சுவாமியார் கிடந்தபடியே போட்ட முதல்பிடி மண் பெட்டியில் விழுந்ததும் நிறுத்தினார்.

"இன்னும் எடு!" என்று தரையில் கிடந்தபடி கத்தினார் சின்னத்தங்கம்.

"இவ்வளவு காணும் மாமி. மிச்சம் அதுக்குள்ளை கிடக்கு."

கசெற்றை அவரிடமே கொடுத்துவிட்டார். கொழும்பு போன ஒருவரோடு அது கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தமையன் பார்க்கும்போது, பெட்டியில் மண் விழுந்த அடுத்த கணமே கிறகோரி நீலச் சட்டைக்கு முன்னால் எழும்பி நின்று சிரிப்பான்.

அவனைச் சிரிக்கவைத்த நண்டு என்னுடையது.