உருளையில் ஓடிய சாய்வரி

இந்த நிகழ்ச்சிகள் தொடங்கியபோது நான் பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். கிருஷ்ணகிரியில் பெங்களூர் சாலையை ஒட்டி இருந்த ஒரு வார்ப்படப் பட்டறையில் டிராயிங் பிரிவின் பொறுப்பாளன். பிரிவு என்று சொன்னாலும் அதில் இருந்தவன் நான் மட்டுமே. ஐம்பதுகளின் முற்பகுதி அது. பட்டறையில் ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரிந்தவனும், கோட்டு அணிந்து வந்தவனும் நான் ஒருவனே. பின்வருவனவற்றில் என் பங்கை வாசகர் சரியாக எடை போடுவதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பிறர் செய்த பொறியைப் பிரித்து, அளந்து, அதைப்போலவே இன்னொன்று செய்வதற்கு இன்றைய ஓசூர்த் தொழிற்சாலை இளைஞர்கள் நாகரிகமான ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் 'பார்த்துச் செய்வது' என்றோம்.

1. பெங்களூர் ஆலை

எங்கள் முதலாளி வேங்கடப்பர் ஒருநாள் பெங்களூரிலிருந்து ஒரு கரும்பு ஆலையை லாரியில் ஏற்றி வந்தார். மாடு சுற்றி இழுக்கும் மூன்று உருளை ஆலை. பாரூர் ஏரிப் பாசனத்தில் கரும்பு செழித்திருந்த காலம். ஆலைக்கு ஆள் ஆளாய்க் கேட்டு வந்தார்கள்.

"ஏமய்யா பி.எஸ்ஸி., இதே மாதிரி நம்ம கிட்ட வரணும். ஒரு நூல் வித்தியாசம் இருக்கக் கூடாது" என்றார்.

சட்டத்தை நான் அளந்து வரைந்தேன். உருளைகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது மணலில் பதிக்கும் மாதிரி, செய்ய நாளாகும். ஆகவே பெங்களூர் உருளையையே மணலில் பதித்து, அந்த அச்சில் இரும்பை ஊற்றிவிடலாம் என்று யோசனை சொன்னேன்.

பேட்டர்ன் செய்யும் நஞ்சுண்டாச்சாரி இழைப்புளியைக் கீழே வைத்தார். பாகலூர்க்காரர். வீட்டில் கன்னடம், முதலாளியிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும்.

"சார், இரும்பு ஆறுனா சுருங்கும். அடிக்கு அரைக்கால் அங்குலம் போயிடும். நான் மரத்துல பெரிசா செஞ்சி குடுக்கறேன், நாலு நாள் பொறுங்க."

வெப்பத்தால் விரிவதும் குளிர்ந்தால் சுருங்குவதும் நான் பரீட்சையில் எழுதித் தேறிய பாடம். ஆனால் அதை ஓர் ஆச்சாரி எல்லார் எதிரிலும் எனக்குச் சொன்னதே அன்று பெரிதாகப் பட்டது.

"முதலாளி அதே அளவு கேட்கிறார், ஆச்சாரி. அதே உருளையைப் பதித்தால் அதே அளவுதானே வரும்?"

"வரும் சார். அதோட தம்பி வரும்" என்றார் அவர். மணல் அச்சு பிடிக்கும் மோல்டிங் ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

2. பாரூர்ச் சக்கை

தம்பிதான் வந்தது. சட்டம் என் டிராயிங்படி முழு அளவில் இருந்தது. உருளைகளோ சுருங்கி, லேத்தில் கடைந்தபின் இன்னும் மெலிந்திருந்தன. திருகாணியை முழுவதும் முறுக்கியும் உருளைகளின் இடைவெளி அடையவில்லை. முதல் ஆலையை வாங்கிய பாரூர் மாது கவுண்டர் ஒரு கூடைச் சக்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலாளியின் மேசை எதிரிலேயே ஒரு பிடி சக்கையை எடுத்து முறுக்கினார். சாறு தரையில் சொட்டியது.

"இன்னாங்க இது? என் கரும்பைப் பிழியச் சொன்னா, உங்க ஆலை தடவிக் குடுத்து அனுப்புது! மாடு கூட வெக்கப்படுது."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த டிராயிங்கைப் பார்த்தேன். அப்போது நஞ்சுண்டாச்சாரி உள்ளே வந்து, "கவுண்டரே, பதினஞ்சி நாள் குடுங்க. சக்கையை அடுப்புல போட்டா உடனே பத்திக்கற மாதிரி செஞ்சி அனுப்பறோம்" என்றார். தவறு யாருடையது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தப் பதினைந்து நாட்களில் நடந்ததை நான் அருகிலிருந்து கண்டேன். அவர் சுருக்கத்துக்கு இடம்விட்டு மரத்தில் புது உருளை கடைந்தார். அதோடு நிற்கவில்லை. பெங்களூர் உருளை வழவழப்பானது. பிழிந்த சாற்றில் கொஞ்சத்தைச் சக்கையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆச்சாரி உருளையின் உடம்பில் மேலிருந்து கீழாகச் சாய்ந்தோடும் வரிகளை வெட்டினார். சாறு அந்த வழியே இறங்கித் தொட்டிக்குப் போய்விடும்.

"இது எந்த ஆலையில் பார்த்தது?" என்று கேட்டேன்.

"ஆலையில இல்ல சார். எங்க ஊட்டு ராகிக்கல்லுல. கல்லுல சாய்வா வரி கொத்தினாத்தான் மாவு வெளிய வரும். மாவு வந்தா சாறு வராதா?"

நான் பார்த்துச் செய்தேன். அவரும் பார்த்துத்தான் செய்தார். நான் பார்த்தது அளவை. அவர் பார்த்தது அது ஏன் அப்படி இருக்கிறது என்பதை. இந்த வேறுபாட்டை எந்தக் கல்லூரியிலும் எனக்கு ஒருவரும் விளக்கியதில்லை.

புது உருளை பாரூரில் ஓடியது. சக்கை உலர்ந்து விழுந்தது. முதலாளி அந்த ஆலையை டிராயிங்கில் ஏற்றச் சொன்னார். நான் ஆச்சாரியின் மர உருளையை அளந்து வரைந்து, 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அந்தக் கட்டத்தில் எப்போதும் என் பெயரைத்தான் எழுதுவேன். கை தானாக எழுதியது. அப்படித்தான் பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3. ஒரு ப்ளூபிரிண்ட்

அடுத்த ஆண்டு நஞ்சுண்டாச்சாரி, மைத்துனர் அழைத்தார் என்று, பெங்களூரில் ஒரு வார்ப்படப் பவுண்டரிக்குப் போக முடிவு செய்தார். கணக்குத் தீர்த்த அன்று என் மேசைக்கு வந்தார்.

"சார், சாய்வரி டிராயிங்கு ஒரு காயிதம் குடுங்க. அங்க போய் நான் செஞ்சதுன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்?"

ஒரு ப்ளூபிரிண்ட்டைச் சுருட்டி என் கையாலேயே கொடுத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. அவர் அதை விரித்து, கட்டத்திலிருந்த என் பெயரை விரலால் தடவி, "எழுத்து அழகா இருக்குது சார்" என்றார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். என் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது.

சில மாதங்களில் சாய்வரி உருளையோடு பெங்களூர் ஆலைகள் ஓசூர்ச் சந்தைக்கே வந்தன. வேங்கடப்பர் கொதித்தார். "தொங்கா! என் டிராயிங்கைத் தூக்கிட்டுப் போயிட்டான்!" அவர் மாதிரி எடுத்ததும் பெங்களூர் ஆலையைத்தான் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. திருடன் என்ற சொல் பாகலூர் வரை போனது. அங்கே ஆச்சாரியின் தம்பிக்குப் பட்டறைகளில் வேலை கொடுக்க மறுத்தார்கள்.

ஆச்சாரி ஒரு காலையில் நேரே வந்தார். முதலாளி, மோல்டிங் ஆட்கள், நான் எல்லாரும் முற்றத்தில் இருந்தோம்.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. காயிதம் எப்பிடி என் கைக்கு வந்துச்சின்னு."

எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சொன்னால், முதலாளிக்குத் தெரியாமல் கொடுத்தது வெளிவரும். ஏன் கொடுத்தாய் என்பார்கள். வரி யாருடையது என்பதும் வெளிவரும்.

"டிராயிங் ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

அவர், "பாருங்க சார். நிதானமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து பஸ்ஸுக்கு நின்றார். நான் அவரைக் கண்டது அதுவே கடைசி.

பிறகு பெங்களூருக்கு நான் ஆறேழு முறை போய்த் தேடினேன். ஒரு பவுண்டரியில் மைசூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். இன்னொன்றில் அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள். எத்தனையோ கெட்டிக்காரர்களோடு பின்னாளில் வேலை செய்தேன். என் டிராயிங்கைப் பார்த்து "தம்பி வரும்" என்று சொல்ல ஒருவரும் வாய்க்கவில்லை. ஒவ்வொரு டிராயிங்கை முடித்ததும், இதில் என்ன தப்பு என்று கேட்க அவரை மனம் தேடும். பாரூர்ப் பக்கம் போனால் ஓட்டம் நின்ற ஆலைகளின் உருளையில் விரல் வைத்துப் பார்ப்பேன். சாய்வு கைக்குத் தெரியும்.

இளையவர்களுக்கு: பிறரைப் பார்த்துச் செய்யுங்கள், அதில் இழிவில்லை. யாரைப் பார்த்தீர்கள் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். நாள் கடந்தால் எழுதக் கூசும்.

அண்மையில் இப்பகுதித் தொழில் வரலாறு பற்றிய ஒரு மலரில், சாய்வரி உருளையை வடிவமைத்தவன் நான் என்றும், அதன் வரைபடம் ஓர் ஊழியரால் திருடப்பட்டது என்றும் அச்சாகியுள்ளது. இரண்டும் தவறு. வரி நஞ்சுண்டாச்சாரியுடையது. வரைபடத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்.