பெண் கேட்கிற மாதிரி ஒரு விண்ணப்பம்

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் இரண்டாம் முறையும் தவறியதில் அப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க ஆள் கிடைத்துவிட்டதே! எனக்கோ மாடுகளோடு முன்னும் பின்னும் நடந்தே ஆயுள் போய்விடுமென்று பயம். சேலத்தில் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தா வேலை காலி என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் ஒருவனைப் பற்றித் தாளில் எழுதுவதே கல்யாணப் பேச்சுக்குத்தான். எனக்குத் தெரிந்த மாதிரியும் அது ஒன்றுதான். குலம், கோயில், தோட்டம், கிணறு, சேந்தமங்கலத்துத் தாய்மாமன் எல்லாம் வந்து நாலு பக்கம் ஆயிற்று.

அதை இங்கிலீஷில் அடித்துத் தர, சேலத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு டீச்சர் இருந்தார். மாதா கோவிலில் பாடுகிற பெண்; என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். படித்ததும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏங்க, வேலை கேக்கறீங்களா, முதலாளி பொண்ணைக் கேக்கறீங்களா?”

“எது கெடைச்சாலும் சரிங்க.”

“ஒரே பக்கம்தான். பேர், விலாசம், வயசு, படிப்பு. போதும்.” பென்சிலால் கிணற்றை அடித்தார், தோட்டத்தை அடித்தார், மாமனையும் அடித்தார்.

“ஐயோ, மாமன் கோவிச்சுக்குவாருங்க.”

“பெயில்னு போட்டுடறேன். மறைச்சா நேர்ல கேப்பாங்க. வேற என்ன தெரியும்?”

“வம்பிழுக்கத் தெரியுமுங்க.”

“அதை அடிக்க முடியாது.”

“தெலுங்குலயும் வம்பிழுப்பனுங்க. சந்தைக்கு வர்ற மாட்டு யாவாரிங்ககிட்டப் பழகுனது.”

அவர் நிமிர்ந்தார். “ஆந்திராவுக்கு லோடு போற ஆபீசுங்க அது! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

மேலும் கீழும் இடம் விட்டு, அந்த ஒரு வரியைத் தனியாக அடித்தார். “கண்ணு போய் அங்கதான் நிக்கணும்” என்றார். வரி முடிகிறபோது மெஷினில் ‘டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். இப்போதும் அந்தத் தெருவில் போனால் அதற்காகவே மெதுவாக நடக்கிறேன்.

முதலாளியின் கண்ணும் அங்கேதான் நின்றது. லோடு தாமதமென்று வாசலில் கத்திக்கொண்டிருந்த நெல்லூர் டிரைவரைக் காட்டி, “எங்க, அந்தாளுகிட்டப் பேசு பாக்கலாம்” என்றார்.

“அண்ணே, இந்த மீசையையும் ஏத்துனா லாரி தாங்குமா?” என்று தெலுங்கில் கேட்டேன். டிரைவர் கத்துவதை நிறுத்தி மீசையைத் தடவினார். பிறகு சிரித்துவிட்டார்.

“நாளைக்கே வந்துரு” என்றார் முதலாளி.

ஊர் திரும்பிச் சொன்னபோது அப்பா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவை குடித்து முடித்ததும் கட்டுத்தறியில் கட்டிவிட்டுத் திரும்பினார்.

“மத்தியானச் சோத்துக்கு அங்க என்ன பண்ணுவ சாமி?” என்றார்.