கொசு அதிகாரியின் இலை

கல்கத்தாவில் நான் புதுப்பெண்ணாக இருந்தபோது, கொசு ஒழிக்க ஒரு தமிழ் அதிகாரி வீடு வீடாக வருவார். பாதி முகத்தைத் தொப்பி விழுங்கியிருக்கும். தண்ணீரைக் கண்டால் போதும், எட்டிக்கூடப் பாராமல் மண்ணெண்ணெய் ஊற்றுவார்.

மாமனார் திவசத்தன்று காலை, சமையலுக்கு மடியாகப் பிடித்துவைத்த குடங்களிலும் ஊற்றினார். குழாயில் இனிச் சாயந்திரம்தான் தண்ணீர்.

"ஐயோ, திவசத் தண்ணி!" என்று மாமியார் அலறினார்.

"கொசுவுக்குத் திவசம் உண்டா மாமி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

திவசத்துக்குச் சாப்பிடத் தமிழ்ப் பிராமணர் அங்கே கிடைப்பது அரிது. புரோகிதர் முன்பே யாரிடமோ சொல்லிவைத்திருந்தார்; மத்தியானம் வந்தவரும் அதே அதிகாரிதான். பஞ்சகச்சத்தோடு இலைமுன் உட்கார்ந்து, "இன்னும் பரிமாறலையா?" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து எனக்கே வாய் வந்துவிட்டது. "எண்ணெய் நீங்க விட்டாச்சு மாமா. தண்ணிக்குத்தான் வழியில்லே."

அவருடைய வெற்று முதுகில் ஒரு கொசு நிதானமாக உட்கார்ந்திருந்தது. அன்று எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.