காலை பதினொரு மணி

சமூகவியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் எங்களுக்குக் களப்பணி உண்டு. எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் இருபதுக்குப் போய், கேள்விப் படிவம் நிரப்பி, 'பண்பாடும் சமூக மாற்றமும்' என்ற தாளுக்கு அறிக்கை எழுத வேண்டும். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது.

எனக்கா கஷ்டம்? நடுவட்டத்தில் அத்தாவின் மளிகைக்கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. எதிர்மேட்டில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள். யார் வீட்டில் எத்தனை பேர், யார் என்ன பருப்பு வாங்குவார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. தெரிந்ததைப் போய்க் கேட்பானேன்? அவர்கள் வேலை முடிந்து வீடு சேரவே மாலையாகிவிடும். இருட்டுகிற நேரத்தில் நான் மேட்டுக்குப் போவதை அத்தா ஒப்புக்கொள்ள மாட்டார். அவரிடம் கேட்கவில்லை, அவர் சார்பில் நானே மறுத்துக்கொண்டேன். விடாத மழை வேறு. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டே நாளில் இருபது வீட்டையும் முடித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

துறையில் களப்பணியைக் கவனித்துக்கொண்ட மேடம் படிவங்களைப் புரட்டினார். நாலைந்து பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எல்லா ஊட்டுக்கும் காலைல பதினோரு மணிக்கே போயிருக்கியேம்மா. அந்நேரம் லைன்ல யாரு இருந்தாங்க?"

பதினொரு மணிக்கு அத்தனை பேரும் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர் மகளுக்கு இது தெரியாதா? நேரத்துக்கான கட்டத்தில் எனக்குத் தோதான நேரத்தை எழுதித் தொலைத்திருந்தேன்.

"எங்கம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதான்," என்றார் மேடம். "பதினோரு மணிக்குக் கதவத் தட்டியிருந்தா எங்க ஊட்டு நாய்தான் பதில் சொல்லியிருக்கும்."

"நான் போகலைங்க மேடம்."

பட்டம் போச்சு என்றே நினைத்தேன். அவர் என் படிவங்களைத் திருப்பிக் கொடுத்து, இருபது வெற்றுப் படிவங்களையும் எடுத்து நீட்டினார். "ஒரு வாரம். சாயங்காலமா போ."

வீட்டில் அழுதுகொண்டே சொன்னேன். அத்தா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றுதான் கேட்டார். மறுநாள் வியாபாரம் சூடுபிடிக்கிற ஆறு மணிக்குக் கடைக் கதவைச் சாத்தினார். குடையும் டார்ச்சுமாக என்னோடு வந்து லைன் முனையிலேயே நின்றுகொண்டார்.

முதல் வீட்டு அக்கா அப்போதுதான் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் பக்கத்தில் இருந்தாள். பன்னிரண்டாவது கேள்வி: உங்கள் மகள் எஸ்டேட் வேலைக்கு வருவதை விரும்புகிறீர்களா? மூட்டைகளுக்கு நடுவில் நான் நிரப்பிய இருபது படிவங்களிலும் 'ஆம்' போட்டிருந்தேன். அம்மா பறிக்கிறார், மகளும் பறிப்பாள். அவ்வளவுதான் நான் மூன்று வருடம் படித்த சமூகவியல்.

"யாருங்க ஆசப்படுவாங்க?" என்றார் அக்கா. "எம்மவ இந்தக் கூடையத் தொடக் கூடாதுன்னுதானே நான் தூக்கறேன்."

எழுதும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. எந்த வீட்டிலும் 'ஆம்' கிடைக்கவில்லை. சமூக மாற்றத்துக்கு நான் மனப்பாடம் செய்திருந்த விளக்கம் ஒன்றும் அங்கே தேவைப்படவில்லை.

அறிக்கை தேறியது, பட்டமும் வந்தது. அப்பாடா என்று இருந்தாலும் உள்ளே ஒரு உறுத்தல் பல வருடம் போகவில்லை. மேடம் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த இருபது 'ஆம்'களும் என் பெயரோடு துறை அலமாரியில் ஏறியிருக்கும்.

ஏழெட்டு வருடம் கழித்து ஒருநாள் முதல் வீட்டு அக்காவின் மகள் கடைக்கு வந்தாள். நான் படித்த அதே துறையில் சேர்ந்திருந்தாள். அலமாரியில் என் அறிக்கையைப் பார்த்தாளாம்.

"அம்மா அன்னைக்குச் சொன்னத அப்படியே எழுதியிருக்கீங்கக்கா. அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேனுங்க."

அன்றைக்குத்தான் நான் முழுசாக மூச்சுவிட்டேன். முதல் இருபது படிவங்கள் எங்கள் வெந்நீர் அடுப்பில் போன கதையை அவளிடம் சொல்லவில்லை.